தலைக்கு எத்தனை லீற்றர்?

2004 மார்கழி 26 இற்குப் பின்னர் கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களின் பாடசாலைகளிலும் தகரக் கொட்டில்களிலும் தங்கியிருந்த எமது வாசகர்கள், பவுசர் வரும் நேரத்தை மறந்திருக்க மாட்டார்கள். வாளி, பிளாஸ்ரிக் கான், சோற்றுப்பானை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். அந்த நாட்களில் நிவாரண நிறுவனங்கள் கையில் வைத்திருந்த கைந்நூலில் ஒரு கணக்கு இருந்தது. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாவற்றுக்குமாக ஒரு தலைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் வேண்டும் என்பது அது. சில முகாம்களில் அதுவும் கிடைக்கவில்லை என்பது வேறு விடயம்.

அதே மனிதர் நகரத் திட்டம் ஒன்றின் வரைபடத்தினுள் வந்துவிட்டால் அவருக்கு 120 லீற்றர் அளவில் எழுதுகிறார்கள். தலை ஒன்றுதான், தாகமும் ஒன்றுதான். எந்தக் கோப்பில் அவர் எண்ணப்படுகிறார் என்பதைப் பொறுத்து எண் எட்டு மடங்கு ஏறுகிறது. பெரியதொரு நகரத்திற்கு எவ்வளவு நீர் வேண்டும் என்று கணக்கெடுப்பது பொறியியலாளர் மட்டும் பார்க்கவேண்டிய வேலை என்று நாம் இதுவரை விட்டிருந்தோம். இனி விடக்கூடாது என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது.

கல்முனையின் நெருக்கடி எல்லோருக்கும் தெரிந்ததே. கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வட்டை. நடுவே ஒடுங்கிய மணல் நிலத்தில் ஏறக்குறைய ஒரு இலட்சம் மக்கள் மாநகர சபை எல்லைக்குள் வாழ்கின்றனர். தகப்பன் பத்துப் பேர்ச் வளவை இரண்டு மகள்மாருக்குச் சீதனமாகப் பிரித்துக் கொடுத்தால், பேத்திக்குக் கொடுக்க மாடிதான் மிச்சம். ஆழிப்பேரலை கரையோரத்து வீடுகளை அள்ளிக்கொண்டு போனபின் இடம் இன்னும் சுருங்கியது. சாய்ந்தமருதில் பொலிவேரியன் கிராமம், கல்முனையில் கிறீன்பீல்ட் மாடிவீடுகள், ‘65 மீற்றர்’ என்றே பெயர்பெற்ற மருதமுனை வீட்டுத்திட்டம் ஆகியவை எழுந்தன. எங்கே வைப்பது என்ற கேள்வி வரும்போதெல்லாம் கண்கள் மேற்கே, வயலின் பக்கமே திரும்பின.

2015 இன் பின்னர் நகரத் திட்டமிடலும் நீர் வழங்கலும் ஒரே அமைச்சாக, ரவூப் ஹக்கீம் அவர்களின் பொறுப்பில் இருந்த காலத்தில் கல்முனை புதிய நகரத் திட்டம் பெரிதாகப் பேசப்பட்டது. தாழ்ந்த வயல் நிலங்களை நிரப்பி, வீதி போட்டு, கடைத்தொகுதியும் அலுவலகங்களும் குடியிருப்புகளும் அமைப்பது அதன் சாரம். ஆட்சி மாறியது, பேச்சுத் தணிந்தது. ஆயினும் இடநெருக்கடி தீரவில்லை. ஆகவே திட்டமும், பெயர் மாறியாவது, திரும்பவும் மேசைக்கு வரும் என்றே நாம் எண்ணுகிறோம். நகரம் வளரக்கூடாது என்று சொல்வோர் நாமல்லர். எமது பிள்ளைகளும் அந்தக் கடைத்தெருவில்தான் வேலை தேடுகின்றனர். (பிரதேச செயலக எல்லைப் பிணக்கைப் பற்றி இங்கு நாம் எழுதப் போவதில்லை. நிலத்தடி நீர் எல்லைக்கல்லைப் பார்த்து ஓடுவதில்லை.)

சரி, கணக்கு எப்படிப் போடப்படுகிறது? முதலில் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளின் பின் எத்தனை பேர் இருப்பர் என்று ஊகிக்கின்றனர். அதை ஒரு தலைக்கு இத்தனை லீற்றர் என்று பெருக்குகின்றனர். பாடசாலை, வைத்தியசாலை, கடை, விடுதி ஆகியவற்றுக்கு ஒரு பங்கு கூட்டுகின்றனர். குழாயில் ஒழுகிப் போவதற்கு ஒரு பங்கு. கடைசியாக, எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறக்கும் நாளுக்காக ஒரு பெருக்கம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு விளங்கும் கணக்குத்தான். கடினம் பெருக்குவதில் இல்லை. பெருக்கப்படும் ஒவ்வொரு எண்ணும் யாரோ ஒருவர் எடுத்த முடிவு என்பதை நாம் காணத் தவறுவதிலேதான் சிக்கல் இருக்கிறது.

தலைகளை எடுங்கள். தொண்ணூறில் ஊரைவிட்டு ஓடிவந்து உறவினர் வளவில் குடிசை போட்ட குடும்பம், வாக்காளர் இடாப்பில் இன்னமும் பழைய கிராமத்தில் இருக்கக்கூடும். கடலோரத்தில் வீடு இழந்து வாடகை அறைகளில் மாறிமாறிக் குடியிருப்போர் எந்த வட்டாரத்திலும் நிலையாகப் பதிவாவதில்லை. அதேவேளை, வராத தலைகளும் எண்ணப்படுகின்றன. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியுடன் 500 வீடுகள் கட்டப்பட்டன. பங்கிடும் முறை பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. கட்டி முடித்த வீடுகள் பல ஆண்டுகள் ஆளில்லாமல் பற்றை மூடிக் கிடந்தன. ஒரு வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் 2,500 பேர், 120 லீற்றர் வீதம் நாளொன்றுக்கு 3 இலட்சம் லீற்றர். தாளில் அவ்வளவு தாகம். அங்கு போனால் ஒரு குழாயும் திறந்திருக்கவில்லை. இப்படி ஒரு பக்கம் வராதவரை எண்ணி, மறுபக்கம் வந்திருப்பவரை விட்டுவிட்டால், கூட்டுத்தொகை சரியாக வந்தாலும் குழாய் பிழையான தெருவுக்கே போகும்.

லீற்றரும் அப்படியே. தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரம் 2018 இல் அணைகள் வற்றியபோது ஒரு தலைக்கு நாளுக்கு 50 லீற்றர் என்று கட்டுப்படுத்தியது. மக்கள் கூட்டிக் கழுவிச் சமாளித்தனர். குழாய்கள் முற்றாக மூடப்படும் நாள் வராமலே போயிற்று. ஆகவே 120 என்பது கல்லில் வெட்டிய எண்ணல்ல. எமது ஊர்களுக்கு அது கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம். அளந்து பார்த்தே சொல்லவேண்டும்.

இங்குள்ள வாழ்க்கைமுறை வேறு. ஐந்து வேளைத் தொழுகைக்கும் வுழூச் செய்ய நீர் வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலில் அத்தனை பள்ளிவாசல்களிலும் ஒரே நேரத்தில் குழாய்கள் திறக்கின்றன. நோன்பு மாதத்தில் சஹருக்கு எழும்பும் நேரத்தில், விடியுமுன்னரே, ஊர் முழுவதும் சமையல் நடக்கிறது. வேறு நகரங்களில் பம்பிக்காரர் கண்ணயரும் நேரம் அது. நோன்பு ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால், சில ஆண்டுகளில் அது ஆடி, ஆவணியின் கொடும் வறட்சியோடு சேர்ந்து விடுகிறது. 2012 முதல் 2014 வரை அவ்வாறே வந்தது. மருதமுனையில் கைத்தறி நூலுக்குச் சாயமிடும் தொட்டி, சம்மாந்துறைப் பக்கத்தில் நெல் அவிக்கும் ஆலை, கல்முனைச் சந்தையில் மீன் கழுவும் தளம் ஆகியன வேறு. கொழும்பில் இருந்து வரும் அட்டவணையில் இவை எதற்கும் தனிக் கட்டம் இராது. ஊரில் ஒரு வருடம் தங்கி, நூறு வீட்டு மீற்றர்களையும் பத்துப் பள்ளிவாசல், கோயில், தேவாலய மீற்றர்களையும் மாதாமாதம் வாசித்தாலே உண்மை தெரிந்துவிடும். பெரிய செலவுமில்லை.

ஒழுக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்நாட்டில் சுத்திகரித்துக் குழாயில் விடும் நீரில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, ஒழுகியோ களவு போயோ அளக்கப்படாமலோ, பட்டியலுக்கு வராமல் போகிறது. வாய்க்கால் வரம்பு உடைந்தால் இரவோடிரவாக மண்வெட்டியோடு ஓடும் விவசாயிக்கு இது விளங்காத புதிராக இருக்கும்.

இப்போது வெள்ளாமைக்காரருக்கு விளங்கும் அளவையில் கணக்கைப் பார்ப்போம். புதிய நகரத்திற்கு ஒரு இலட்சம் பேர் வருவர் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 120 லீற்றர் வீதம் நாளொன்றுக்கு 12,000 கனமீற்றர். குழாயில் நான்கில் ஒரு பங்கு போகும் என்பதால், 12,000 வீடு வந்து சேர 16,000 விடவேண்டும். வருடத்திற்கு 58 இலட்சத்து 40 ஆயிரம் கனமீற்றர். ஒரு ஏக்கர் வயலில் ஒரு அடி உயரத்திற்கு நிற்கும் நீரே ஒரு ஏக்கர் அடி. அது ஏறக்குறைய 1,233 கனமீற்றர். ஆகவே நகரத்தின் வருடத் தேவை சுமார் 4,700 ஏக்கர் அடி. சிறுபோகத்தில் ஒரு ஏக்கர் நெல்லுக்கு 4 ஏக்கர் அடி என்று கொண்டால், இந்த நீர் 1,200 ஏக்கர் வெள்ளாமைக்குச் சற்றுக் குறைவான அளவு.

கரையோர ஊர்களுக்குக் குழாய்நீர் அம்பாறையின் கொண்டவட்டுவான் குளத்தில் இருந்து சுத்திகரித்து வருகிறது. அதன் பின்னால் இருப்பது கல்லோயாத் திட்டம்; எமது பெரியோர் பட்டிப்பளை ஆறு என்று சொன்ன அதே ஆறு. 1949 இல் தொடங்கிய இங்கினியாகலை அணைக்கட்டினால் உண்டான சேனநாயக்க சமுத்திரம் நிரம்பினால் 7 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி கொள்ளும். அதனோடு பார்த்தால் நகரத்தின் குடிநீர் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. இதைப் போட்டுப் பார்த்தபோது எமக்கே வியப்பாக இருந்தது. ‘கல்முனை குடிப்பதால் எங்கள் வயல் காய்கிறது’ என்று சில கூட்டங்களில் கேட்டிருக்கிறோம், நாமும் தலையாட்டியிருக்கிறோம். நல்ல ஆண்டில் அது உண்மையில்லை. நகரத்தானுக்கும் வெள்ளாமைக்காரனுக்கும் இடையே பகை மூட்ட விரும்புவோர் இந்தக் கணக்கைச் சொல்லமாட்டார்கள்.

குளம் ஒவ்வொரு ஆண்டும் நிரம்புவதில்லை. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. நீர் குறைந்த ஆண்டில் குடிநீருக்கே முதலிடம். அது நியாயமானது; மனிதர் குடித்த பின்னரே பயிர். ஆனால் அந்த முதலிடத்திற்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதை மேலே சொன்ன ஊகக் கணக்கே தீர்மானிக்கும். வராத ஒரு இலட்சம் பேருக்காக நீரை ஒதுக்கினால் வெட்டப்படுவது எவரது பங்கு? தலைப்பு மதகடியில் இருப்பவரது பங்கு வெட்டுப்பட்டதை நாம் கண்டதில்லை. வாய்க்காலின் கடைக்கோடி, அதிலும் அனுமதிப்பத்திரம் தொலைந்தோ, இடம்பெயர்வால் இடையில் விட்டுப்போனதோ உள்ள காணிகளே முதலில் காய்கின்றன. பதிவில் ‘செய்கை பண்ணப்படாத நிலம்’ என்று எழுதப்பட்டுவிட்டால் அதற்கு நீர்த்தேவை பூச்சியம். எமது வாசகர்களில் பலரது வயல் இப்படியே கணக்கில் இருந்து மறைந்தது. பத்து ஆண்டு ஊரில் இல்லாதவன் திரும்பி வந்து நீர் கேட்டால், அது புதிய கோரிக்கை போலப் பார்க்கப்படுகிறது.

பொறியியலாளரின் எண் இறுதியானதா? கல்லோயாவிலேயே ஒரு பாடம் உண்டு. இடதுகரையில் ஒரு காலம் கடைக்கோடித் தமிழ்பேசும் விவசாயிகளுக்கு நீர் எட்டுவதே அரிதாக இருந்தது. 1980 களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கு வாய்க்கால் வாரியாக விவசாயக் குழுக்களை அமைத்தன. தலைப்பில் இருந்த சிங்கள விவசாயிகள் தமது முறையில் மிஞ்சிய நீரைக் கீழே விடத் தொடங்கினர். 1997 சிறுபோகத்தில் குளத்தில் நீர் மிகக் குறைவு, நெல்லுக்குப் போதாது என்று அதிகாரிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள். விவசாயிகள் தமது பங்கீட்டு அனுபவத்தை வைத்து முடியும் என்று வாதாடினர். 65,000 ஏக்கர் அளவில் நெல் விதைத்து, முறை வைத்துப் பாய்ச்சி, வழமையை விடக் குறையாத விளைச்சலை எடுத்தனர். போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது என்பதையும் நினைவில் கொள்க. அதிகாரிகள் பொய் சொல்லவில்லை. தேவை என்பதை அவர்கள் நூலில் இருந்து எடுத்தார்கள், விவசாயிகள் வக்கடையில் இருந்து எடுத்தார்கள்.

இனி, கணக்கில் வராமலே போகும் நீரைப் பற்றிப் பேசவேண்டும். எமக்கு இதுவே பெரிய கவலை.

வயலை நிரப்பி நகரம் கட்டும்போது, ‘தேவை’ என்ற தாளில் குடிநீர் மட்டும் இருக்கிறது. அந்த வயல் செய்துவந்த வேலை எந்தத் தாளிலும் இல்லை. வரம்பு கட்டிய ஒரு ஏக்கரில் ஒரு அடி நீர் நின்றால் 12 இலட்சம் லீற்றருக்கு மேல். நூறு ஏக்கரை நிரப்பினால் மாரியில் 12 கோடி லீற்றர் வேறு இடம் தேடும். அது தோணாவுக்குப் போகும். தோணா அடைபட்டிருந்தால் வீட்டுக்குள் வரும். 2011 தையில் கிழக்கு மாகாணம் மூழ்கியதைக் கண்டோம். மேலே குளத்து வான்கதவு திறந்தால் கிட்டங்கிப் பாதை நீருக்குள் போவது ஆண்டுதோறும் கேட்கும் செய்தி. 2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு, மதரசா மாணவர்கள் உயிரிழந்தனர். அந்தச் சிறுவர்களின் வீடுகளில் இன்னும் துயரம் ஆறவில்லை. தாழ்நிலத்தின் ஊடாக நீர் எப்படி, எவ்வளவு போகிறது என்பதைக் கணக்கெடுக்காமல் இன்னொரு வீதியை உயர்த்துவதை எப்படி ஏற்பது?

போகும் நீரும் உண்டு. வீட்டுக்கு வந்த நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியேறும் என்பதே வழமையான கணிப்பு. 12,000 கனமீற்றர் வந்தால் 9,600 கனமீற்றர் எங்கோ போகவேண்டும். இலங்கையில் கழிவுநீர்க் குழாய் வசதி பெற்ற வீடுகள் மிகச் சில. இங்கே அது மலசலகூடக் குழிக்கும் மணலுக்குமே போகிறது. குழியில் இருந்து பத்து அடியில் கிணறு. மணலின் கீழ் நன்னீர், உப்புநீரின்மேல் எண்ணெய் போல மிதக்கிறது. ஆழிப்பேரலையின் பின் கிணறுகளை அளவுக்கு மிஞ்சி இறைத்துச் சுத்தம் செய்தபோது, கீழிருந்த உப்பு மேலே ஏறியதை மட்டக்களப்புக் கரையில் ஆய்வாளர்கள் கண்டனர். மழையே மெல்ல மெல்ல அக்கிணறுகளை மீட்டது. மழைநீர் இறங்கும் வயலையும் பள்ளத்தையும் சிமெந்தால் மூடினால் அந்த மீட்பும் நின்றுவிடும். குழாய் நின்ற நாளில் ஏழைக்குக் கைகொடுப்பது கிணறே.

சென்னையைப் பாருங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பையும் பல ஏரிகளையும் நிரப்பி வளர்ந்த நகரம் அது. 2015 மார்கழியில் வெள்ளத்தில் மூழ்கியது. நாலு ஆண்டு கழிந்து, 2019 ஆடியில், அதே நகரத்திற்கு ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் குடிநீர் ஏற்றவேண்டி வந்தது. ஒரே பள்ளம் நிரப்பப்பட்டதன் இரண்டு முகங்கள் அவை.

வேதாகமத்தில் ஈசாக்கின் கதை எமது இடம்பெயர்ந்த மக்களுக்கு நெருக்கமானது. இஸ்லாமிய வாசகர்கள் அவரை இஸ்ஹாக் நபியாக அறிவர். அவர் தோண்டிய கிணற்றை மேய்ப்பர் தமதென்றனர், விட்டுச் சென்றார். இரண்டாவதிலும் வாக்குவாதம். மூன்றாவதை யாரும் கேட்கவில்லை. எமக்கோ நகர்ந்து போய்த் தோண்ட மூன்றாவது இடம் இல்லை. கடலுக்கும் வட்டைக்கும் இடையிலேயே தீர்க்கவேண்டும்.

ஆகவே, திட்டம் மீண்டும் வரும்போது நாம் சில விடயங்களைக் கேட்கவேண்டும். எத்தனை தலைகள், எந்தப் பதிவில் இருந்து எடுக்கப்பட்டவை? தலைக்கு எத்தனை லீற்றர், எங்கே அளந்தது? வறண்ட ஆண்டில் ஒதுக்கும் நீர் எந்த வாய்க்காலில் இருந்து குறைக்கப்படும்? அந்த வாய்க்காலின் பெயர் எழுத்தில் வேண்டும். நிரப்பும் ஒவ்வொரு ஏக்கருக்கும் வெள்ளநீர் நிற்க எங்கே இடம்? கழிவுநீர் எங்கே போகும்? இந்தத் தாள் தமிழில், பிரதேச செயலகத்திலும் கமநல சேவை நிலையத்திலும் பள்ளிவாசல், கோயில், தேவாலய அறிவித்தல் பலகைகளிலும் ஒரு மாதமாவது தொங்கவேண்டும். நீர் வழங்கல் சபைக்காரரும் நீர்ப்பாசனத் திணைக்களத்தினரும் ஒரே நாளில், ஒரே மண்டபத்தில் வந்து விளக்கவேண்டும். தனித்தனியே வந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டுப் போய்விடுவார்.

அதற்குமுன் எமது பக்கத்து வேலையும் இருக்கிறது. இடம்பெயர்ந்தபின் வயலை விதைக்க முடியாது போன குடும்பங்கள், காணி எத்தனை ஏக்கர், எந்த வட்டை, எந்த வாய்க்கால், கடைசியாக விதைத்த போகம் எது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அருகில் வயல் செய்த இருவரிடம் கையொப்பம் வாங்குங்கள். வட்டவிதானை உயிரோடு இருந்தால் அவரிடமும் வாங்குங்கள். அடுத்த பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திற்குப் போகும்போது அனுமதிப்பத்திரத்தின் போட்டோப் பிரதியையும், அது இல்லாதோர் பழைய ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு ஏதும் இருந்தால் அதையும் சேர்த்துக் கொண்டு போங்கள். கூட்டக் குறிப்பில் உங்கள் வாய்க்காலின் பெயர் எழுதப்படும்வரை எழுந்து வராதீர்கள்.